மூன்றரை வட்டியும் நம் மரியாதையும்

ஊரில் பெரியவர்கள் வட்டியைச் சொல்லும் முறையே வேறு. ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்று அர்த்தம். ஒரு வட்டி நியாய வட்டி. இரண்டு வட்டிக்கு வாங்குகிறவர் ஏதோ அவசரத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். மூன்று வட்டிக்கு மேல் போய்விட்டால் திண்ணையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள்.

இதே திண்ணைக் கணக்கில் நம் சட்டைப் பையில் இருக்கும் கிரெடிட் கார்டை எடைபோட்டுப் பாருங்கள். பல கார்டுகளில் நிலுவைத் தொகைக்கு மாதம் மூன்றரை சதவீதமோ அதற்கு நெருக்கமாகவோ வட்டி போடுகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆக, நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. ஊர்ப் பாஷையில் நாலு வட்டிக்கும் மேலே! ஊரில் இந்த வட்டிக்கு வாங்கினால் அவமானம். இங்கே மும்பையில் அதே வட்டிக்கு வாங்கினால் கௌரவம். பளபளக்கும் அட்டை, பெயர் பொறித்த எழுத்து, விமான நிலையத்தில் உட்கார சோபா. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்காததால் அது கடன் என்பதே நமக்கு உறைப்பதில்லை.

சட்டம் இதைத் தடுக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இந்தப் பக்கம் பழைய பம்பாய் மாகாணத்தில் 'தாம்துப்பட்' என்று ஒரு விதி இருந்தது. வட்டிப் பாக்கி எந்தச் சமயத்திலும் அசலை மிஞ்சக் கூடாது என்பது அதன் சாரம். இந்துக்களுக்கிடையே ஆன கடன்களில் நீதிமன்றங்கள் அதை ஏற்று நடத்தி வந்தன. பாங்குக் கார்டிடம் போய் அதைப் பேச முடியாது. ஆகவே நம்மைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

கார்டு பில்லில் இரண்டு தொகைகள் அச்சிட்டிருக்கும். ஒன்று முழு நிலுவை. மற்றது, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. இந்த இரண்டாவது தொகையைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது, பாங்கிலிருந்து போன் வராது, மனசும் சமாதானம் ஆகிவிடும். ஒரு லட்சம் ரூபாய் நிலுவை, மேலே சொன்ன வட்டி, குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து ஒரு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு மாதமும் கார்டில் புதிதாக ஒரு தீப்பெட்டிகூட வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டியிருப்பது சுமார் 58,900 ரூபாய். கடன் குறைந்திருப்பது சுமார் 12,200 ரூபாய். 87,800 அப்படியே நிற்கிறது. இந்த வேகத்தில் கடன் பாதியாகக் குறையவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். இன்னொன்று: நிலுவை வைத்திருக்கிறவர் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றைக்கே வட்டி ஆரம்பம்.

இதைவிடத் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் புழங்கும் தண்டல் எவ்வளவோ வெளிப்படையானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசல் கரைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிற வட்டி அது. நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்டலுக்கு வாங்கி இட்லிக்கு அரிசி உளுந்து போடுகிறவர் அந்தப் பணத்தைத் தினமும் சுழற்றிச் சம்பாதிக்கிறார். நூறாம் நாள் கடன் முடிகிறது என்பதும் அவருக்குத் தெரியும். கார்டில் சோபா செட் வாங்கிய மாதச் சம்பளக்காரருக்கு இந்த இரண்டும் இல்லை.

தவணையில் பொருள் வாங்கும்போது சொல்கிற 'ஃப்ளாட்' வட்டியும் இந்த வகைதான். ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷம், 12 சதவீதம் ஃப்ளாட் என்றால் மாதம் 3,778 ரூபாய். குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கும் சற்று மேலே. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வீட்டுக்கடன், பர்சனல் லோன் போன்ற புதுக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பது, ஏ.பி.ஆர். என்ற பெயரில், அதில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் மற்ற பக்கங்களை விட்டாலும் அந்த ஓர் எண்ணை விடாதீர்கள்.

வட்டிக் கணக்கு இவ்வளவு போதும். கணக்குத் தெரியாததால் நம்மவர்கள் கடனில் மூழ்கவில்லை. கணக்கிலே பெயர் வாங்கிய ஜனங்கள் நாம். இந்த நகரத்தின் பாதி ஆபீஸ்களுக்குக் கணக்கு எழுதியவர்கள். வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் 1987ல் எந்தக் கல்யாணத்துக்கு யார் 51 ரூபாய் எழுதினார் என்று இன்றைக்கும் சொல்லுவோம். அதே வீட்டில் கடனுக்கு நோட்டு கிடையாது. எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்களே!

கணவருக்கு இரண்டு கார்டு. அதில் ஒன்று மனைவிக்குத் தெரியாது. மனைவி கட்டிடத்துப் பெண்களோடு 'பிசி' போட்டிருக்கிறார். அதை முதல் மாதங்களிலேயே தள்ளி எடுத்து, தங்கையின் பிரசவச் செலவுக்கு அனுப்பியது கணவருக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போகும் பையன் மொபைல் ஆப்பில் ஐயாயிரம் வாங்கியது இரண்டு பேருக்கும் தெரியாது. மூன்று பேரும் ஒரே சமையலறையில் ஒரே சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு, மாதக் கடைசியில் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். பாங்கின் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடன் தொகை பெரிதாக இருந்த குடும்பங்களைவிட, கடன் ரகசியமாக இருந்த குடும்பங்கள்தான் எழுந்திருக்கச் சிரமப்பட்டன.

கடன்பட்டவரெல்லாம் ஊதாரி என்று பேசுவதும் இந்த ரகசியத்துக்கு ஒரு காரணம். அந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது, ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தது, ஆபீஸ் பூட்டப்பட்டது, பெண்ணுக்குக் காலேஜில் கட்டியது. பெரும்பாலான கடன்களின் முதல் வரி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சோபா செட் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். டோம்பிவிலியில் ஃப்ளாட். கைக்கு வருவது மாதம் 70,000. வீட்டுக்கடன் தவணை 22,000. மூன்று லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், மூன்று வருஷம், தவணை 10,253. ஒரு கார்டில் நிலுவை 1,40,000, இன்னொன்றில் 60,000. இரண்டுக்கும் குறைந்தபட்சத் தொகையாக மாதம் சுமார் 10,000. தெரிந்த சாவகாரிடம் 50,000, மூன்று வட்டி, மாதம் 1,500. ஊரில் பெற்றோருக்கு 6,000. கூட்டிப் பாருங்கள், ஐம்பதாயிரத்துக்கு 247 ரூபாய்தான் குறைவு. மீதி இருபதாயிரத்தில் அரிசி, பால், பள்ளிக்கூடம், மின்சாரம், ரயில் பாஸ். இருபதாம் தேதிக்கு மேல் மறுபடி கார்டுதான்.

இந்த வீட்டில் பணம் இல்லையா என்றால், இருக்கிறது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று மனைவி பெயரில் ஒன்றரை லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. 7 சதவீத வட்டி. லாக்கரில் இருபது பவுன் இருக்கிறது. "அதை மட்டும் தொடக் கூடாது" என்பது வீட்டின் எழுதாத சட்டம். டெபாசிட் வருஷத்துக்கு 10,500 ரூபாய் கொண்டுவருகிறது. பெரிய கார்டு அதே வருஷத்தில், ஜி.எஸ்.டி.யோடு, 69,000 ரூபாய்க்குமேல் கொண்டுபோகிறது. கல்யாணப் பணம் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்தக் குடும்பம் கொடுக்கிற விலை ஆண்டுக்கு 58,000 ரூபாய்க்கும் மேல்.

என் யோசனை இதுதான். டெபாசிட்டை உடைத்து, முன்கூட்டி எடுப்பதற்குப் பிடிக்கிற சிறு வட்டி போனாலும் போகட்டும், பெரிய கார்டை முழுசாக அடைத்துவிட வேண்டும். மீதிப் பத்தாயிரத்தோடு, பாங்கில் நகையின் பேரில் ஒரு லட்சம் வாங்கிச் சின்னக் கார்டையும் சாவகாரையும் தீர்க்க வேண்டும். இன்றைய தங்க விலையில் அதற்குச் சில பவுன் போதும்; இருபதும் போக வேண்டியதில்லை. நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை கார்டுகளுக்கும் சாவகாருக்குமாகப் போய்க்கொண்டிருந்த 11,500 ரூபாயைக் குறைக்காமல் மாதாமாதம் நகைக்கடனுக்கே கட்டினால் பத்தாவது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் அந்த 11,500ல் பாதி பர்சனல் லோனை முன்கூட்டி அடைக்க, பாதி கையிருப்புக்கு. முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கையிருப்பு இல்லாத வீட்டில் அடுத்த காய்ச்சலே அடுத்த கடன்.

வட்டிக் கணக்குப்படி சாவகார் கடன் கார்டைவிட மலிவு. அதைக் கடைசியில் அடைக்கலாமே என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. சாவகாரிடம் தொகை எழுதாத செக் இருக்கிறது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் அது 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி கிரிமினல் வழக்கு. இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எனவே முதலில் செக்கைத் திரும்ப வாங்குங்கள், பிறகு மற்றவை. மகாராஷ்டிரத்தில் 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். வாசலில் வந்து சத்தம் போடுகிறவரிடம் "உங்கள் லைசென்ஸ் நம்பர் என்ன?" என்று கேட்டால் சத்தம் கொஞ்சம் குறையும்.

நண்பரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை. அதனால் அதைக் கடைசியில் தள்ளிவிடுகிறோம். அவரும் கேட்க மாட்டார். நாமும் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவோம். தொகை சிறிதானாலும் மாதம் இவ்வளவு என்று சொல்லி, சொன்ன தேதியில் கொடுங்கள்.

நகையைப் பற்றி இன்னொரு வார்த்தை. அது மனைவியின் சொத்து. ஸ்திரீதனம் முழுக்க முழுக்க அவளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே "கொடு" என்று கேட்பது முறையல்ல. எல்லாக் கடனையும் அவர் முன்னால் வைத்துவிட்டு யோசனை கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால், கடன் பட்டியலில் முதல் பெயராக மனைவியின் பெயரை எழுதி, எத்தனை பவுன் என்றும் எழுதிவையுங்கள். டெபாசிட்டும் அப்படியே. சிரிக்க வேண்டாம். எழுதிவைத்தால்தான் திரும்பி வரும்.

எல்லாக் கடனையும் ஒரே பர்சனல் லோனாக மாற்றித் தருகிறோம் என்று தினமும் நாலு போன் வருகிறதே, அது நல்லதா? கணக்குப்படி நல்லதுதான், 42 சதவீதத்தை 14 சதவீதத்தால் அடைப்பது லாபம். நடைமுறையில் நான் பார்த்தது வேறு. காலியான கார்டு ஒரு வருஷத்தில் மறுபடி நிரம்பிவிடுகிறது. அப்போது இரண்டு கடன். மாற்றுகிறவர்கள் அதே நாளில் கார்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட விதி. வீட்டுக்கடனை அவசரமாக அடைக்கிற பழக்கமும் நம்மிடம் உண்டு. வீடு சொந்தமாக வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இருப்பதிலேயே குறைந்த வட்டி அதற்குத்தான். அது வரிசையில் கடைசியில் நிற்கட்டும்.

இனி, சொன்னால் சிலருக்குக் கோபம் வரக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். நம் கடனில் ஒரு பெரிய பங்கு மும்பையில் செலவானதல்ல, ஊரில் செலவானது.

பம்பாய்க்காரர் என்ற பெயர் ஊரில் நம் தாத்தா காலத்திலேயே வந்துவிட்டது. மே மாதம் ஊருக்குப் போனால் வெறுங்கையோடு போக முடியாது. கோயில் கொடைக்கு நம் பெயரில் வரி இரட்டிப்பு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் மற்றவர்கள் ஐந்நூறு எழுதுகிற இடத்தில் நாம் ஐயாயிரம். "உங்களுக்கென்ன, பம்பாயில் இருக்கிறீர்கள்" என்று சித்தப்பா சொல்லும்போது, பத்துக்குப் பதினைந்து அறையில் ஆறு பேர் படுத்திருப்பதை யார் அவரிடம் சொல்வது? சொல்ல மாட்டோம். திரும்பி வந்து அந்தப் பத்து நாள் செலவை அடுத்த பத்து மாதம் கார்டில் கட்டுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலே, பூட்டிய வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் போய்ப் பாருங்கள். இரண்டு மாடி, கிரானைட் தரை, வாசலில் கிரில் கேட், கேட்டில் பூட்டு. வருஷத்தில் பத்து நாள் திறப்பார்கள். அதைக் கட்ட வாங்கிய கடனின் தவணை பன்னிரண்டு மாதமும் பாண்டுப்பிலோ கல்யாணிலோ போய்க்கொண்டிருக்கும். ரிடையர் ஆனதும் ஊரோடு போய்விடுவோம் என்பதுதான் காரணம். போகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் இங்கே, பேரப்பிள்ளைகள் இங்கே, டாக்டர் இங்கே என்று ஆன பிறகு எத்தனை பேர் உண்மையில் போகிறோம்? கடன் கழுத்தை நெரிக்கும்போது அந்த வீட்டை வாடகைக்கு விடுங்கள். விட முடியாவிட்டால் விற்றுவிடுங்கள். பூர்விக வீட்டைச் சொல்லவில்லை, பெருமைக்காகக் கட்டியதைச் சொல்கிறேன். விற்றால் ஊர் பேசும். பத்து நாள் பேசும்.

பெற்றோருக்கு அனுப்புகிற பணத்தில் கை வைக்காதீர்கள். அது கடமை. ஆனால் அவர்களிடமே நிலைமையைச் சொல்லிவிடுங்கள். "இரண்டு வருஷத்துக்குக் கொடை வரியும் மொய்யும் எங்களால் எல்லாரையும் போலத்தான் முடியும்" என்று மகன் சொல்லிவிட்டால், ஊரில் அதை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி அம்மா சொல்லிக்கொள்வார். நாம் பயப்படுகிற அளவுக்கு அவர்கள் அதிர்ந்துபோவதில்லை. ஈட்டிக்காரன் கடனை நேரில் பார்த்தவர்கள் அந்தத் தலைமுறை; கடன் என்றால் என்ன என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜாமீன் கையெழுத்தும் இந்த மரியாதையோடு சேர்ந்ததே. நம்ம ஊர்க்காரர், நல்ல மனுஷன், சும்மா ஒரு கையெழுத்து என்பார்கள். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில், வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவு. அவரிடம் கேட்காமலே நேராக உங்களிடம் வரலாம். நண்பருக்கு உதவ வேண்டுமென்றால் திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லாத ஒரு தொகையைக் கையில் கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

தவணை தவறிப்போனவர்கள் வீட்டில் இருக்கும் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன் மணி அடித்தாலே குழந்தைகள் வெளிறிப்போகிற வீடுகள் நம்மிடையே உண்டு. கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றம் ஆகாது; ஏமாற்றும் எண்ணமோ திரும்பிய செக்கோ இல்லாதவரை அது சிவில் விவகாரம். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று போனில் மிரட்டுகிறவர் பொய் சொல்கிறார். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. கடன் ஆப்கள் உங்கள் போனில் உள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்பதும் அதே ஆண்டின் விதி. உறவினர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புவோம் என்று மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பாங்கிடம் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனுக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்பே வந்தாலும் சம்பளம் முழுவதையும் பிடித்துவிட முடியாது. சாதாரணப் பணக்கடன் தீர்ப்பில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. பிராவிடண்ட் ஃபண்டையும் கிராஜுவிட்டியையும் ஜப்தி செய்ய முடியாது. கார்டுக் கடனுக்காகப் பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. வட்டி வித்தியாசம் எடு என்று சொல்லும். கடன்காரர் தொட முடியாத பணம் அது என்பதால் நான் வேண்டாம் என்பேன். அப்பாவின் கடன் பிள்ளையின் தலையில் என்ற பயமும் வேண்டாம். இந்து மகன் தகப்பன் கடனைத் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய தர்மக் கடப்பாட்டை, புதுக் கடன்களைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. அப்பா விட்டுப்போன சொத்து எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவே.

கட்டவே முடியாத நிலையில் பாங்கு குறைத்துப் பேசி முடிக்க வந்தால், கடிதத்தை முதலில் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். கடன் வரலாற்று அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடன் கிடைப்பது சில காலம் கஷ்டம். கிடைக்காமல் இருப்பதே நல்லது என்பது வேறு விஷயம்! இந்த அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கொரு முறை இலவசமாகப் பெறலாம். கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று எடுத்துப் பரிமாறிக்கொண்டால், நான் மேலே சொன்ன ரகசியங்களில் முக்கால்வாசி ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அத்துடன், நம் உறுப்பினர்களில் பாங்கிலும் இன்ஷூரன்ஸிலும் ஆடிட் ஆபீஸிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலக அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, இவர்களில் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். வருகிற குடும்பத்தின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறக் கூடாது. அறையில் கேட்டது அறையோடு போக வேண்டும். சங்கம் யாருக்கும் பணம் கொடுக்கவோ ஜாமீன் நிற்கவோ வேண்டாம்; அது வேறு வம்பு. வருகிறவர்கள் கடைசி மூன்று மாதக் கார்டு பில், பாஸ் புத்தகம், கடன் பத்திரங்கள், அடகுச் சீட்டு, பிசி கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரட்டும். கணவன், மனைவி இரண்டு பேரும் வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் காப்பி கொடுத்து, அடுத்த ஞாயிறு சேர்ந்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும்.